பெருவிரலும் ஒரு பிளாஸ்க் கஞ்சியும்

என் இடது காலின் பெருவிரல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நுனியில் ஒரு பள்ளம், நகம் பாதி, தோல் எலிக்குஞ்சின் நிறம். அழகில்லை. ஆனாலும் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் குனிந்து அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. இருக்கிறாயா? இருக்கிறது. அப்புறம்தான் தேத்தண்ணி.

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்கள், சோற்றிலிருந்து மாச்சத்தை வடித்தெடுக்கும் அந்தப் புதுக் குக்கரை வாங்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டுப் போன் எடுக்கிறார்கள். என்னிடம் அந்தக் குக்கரும் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கிடந்த கதையும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்பது என் தொழில். உக்குவளையில் ஒரு வீட்டுத் தோட்டம், நாவுலைப் பக்கம் இரண்டு மூன்று தோட்டம் என்று அலைந்து, காய்ந்ததை முகர்ந்து, ஈரத்தைக் கடித்துப் பார்த்து, விலை பேசிச் சாக்கில் சேர்த்து மாத்தளை டவுன் கடைக்குக் கொடுப்பேன். எல்லாம் மேடு, எல்லாம் படி. கூடவே எழுதுகிற கிறுக்கும் உண்டு. உட்கார்ந்தால் ஒரு வரி வராது. கால் நகர்ந்தால்தான் வாக்கியம் நகரும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் குறுகியது வரும், இறக்கத்தில் நீண்டது. ஐம்பது வயது தாண்டியும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தேன்.

சீனி பல வருடமாகக் கூடவே இருந்தது. அது நாளாவட்டத்தில் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும், ஆகவே தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று க்ளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பாதத்தை யார் பார்க்கிறார்கள்? பாதம்தான் நம்மைச் சுமந்துகொண்டு போகிறதே.

அன்று சப்பாத்துக்குள் ஒரு கறுவாப்பட்டைச் சில்லு. எந்தத் தோட்டத்தில் ஏறிக்கொண்டதோ தெரியாது. நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறேன். வலிக்கவில்லை. வலிக்காததுதான் வருத்தம். மாலை அலுவிகாரையில் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நடந்தேன்.

"ஏங்க, எப்பலருந்து வெத்தல போடப் பழகுனீங்க?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. "தரையெல்லாம் துப்பி வச்சிருக்கீங்க."

நான் வெற்றிலை போடுவதில்லை. இருவரும் தரையைப் பார்த்தோம். வாசலிலிருந்து குசினி வரைக்கும் ஓர் அடிக்கு ஒரு சிவப்புப் பொட்டு. என் கால் என்னைக் கேட்காமல் எழுதிய வரி அது.

கழுவி மஞ்சள் பூசிச் சும்மா இருந்துவிட்டோம். சில நாளில் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பிறகு காய்ச்சல், நடுக்கம். ஸ்டெல்லா ஓட்டோவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த கையோடு கட்டில் கொடுத்துவிட்டார்கள்.

இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சீனியின் சராசரியை ஒரே சொட்டில் காட்டும் பரிசோதனை உண்டு. முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. என் சராசரி மோசம். காலுக்கு இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் ஸ்கானை வெளியே தனியாரிடம் எடுத்து வரச் சொன்னார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகள் நிரோஷா பணம் அனுப்பினாள். எவ்வளவு என்று கேட்டால் இன்றுவரை பேச்சை மாற்றுகிறாள். ஸ்கான் அறைக்கு வெளியே சுவரோரம் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுப்போட்ட கால். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு இரத்தம் ஓடியது. அது நல்ல செய்தி. எலும்புக்குள் சீழ் இறங்கவில்லை. அதுவும் நல்லது. செத்த சதையைச் சுரண்டி, உயிருள்ள சதை தெரியும்வரை சுத்தம் செய்தார்கள். பாதி வேலைக்கு மரக்க வைக்கும் ஊசிகூடத் தேவைப்படவில்லை. மரத்த காலில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

சத்திரசிகிச்சை டொக்டர் உயரமான மனிதர், பேச்சுச் சிக்கனம். சிங்களத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: சீனி இறங்கினால் காயம் மூடும். இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும், தாமதித்தால் அது பாதத்துக்கு ஏறும். வெள்ளிக்கிழமை முடிவு செய்வோம்.

பெருவிரல் இல்லாதவன் எப்படி நடப்பான் என்று கேட்டேன். பழகிக்கொள்ளலாம், ஆனால் மேடு பள்ளம் கஷ்டம் என்றார். மாத்தளையில் மேடு பள்ளம் தவிர வேறென்ன இருக்கிறது?

பக்கத்துக் கட்டிலில் ஹனிபா நாநா. உக்குவளையில் சில்லறைக் கடை வைத்திருப்பவர், குதிகாலில் புண். முதல் நாளே என் கட்டைப் பார்த்துச் சொன்னார்: "என்ன தம்பி, எனக்குப் பின்பக்கம், ஒங்களுக்கு முன்பக்கம். ரெண்டு பேரயும் சேத்தா ஒரு நல்ல கால் ஈக்கி." அவர் பேச்சில் இருக்கிறதெல்லாம் 'ஈக்கி'தான்.

காலை, பகல், மாலை என்று தாதி ஊசியோடு வருவார். மூத்தவர், சிங்களவர், எங்களுக்காகத் தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவார். "ஐயா, வெரல் குடுங்க." அந்த வார்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் எல்லாக் கட்டிலும் ஒரு தரம் குலுங்கும். கைவிரலைத்தான் கேட்கிறார். நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, சின்ன மெஷினில் ஓர் இலக்கம். காலையில் என் இலக்கம் நன்றாக இருக்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறிப்போய் நிற்கும்.

"இந்த ரெண்டு கட்டில் மட்டும் பகல்ல சேந்து ஏறுது," என்றார் ஒருநாள், என்னையும் நாநாவையும் மாறி மாறிப் பார்த்து. "களவா கேக் திங்கிறதா?"

"அல்லாட காவல், மிஸ்! கேக்கக் கண்டே நாளாச்சி," என்றார் நாநா.

உண்மைதான். கேக் இல்லை, இனிப்பு இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. வார்டின் இளம் பெண் டொக்டர் கேட்டபோது, பகலுக்கு வீட்டுச் சோறு வருகிறது, அதுவும் மாச்சத்து வடிக்கும் குக்கரில் ஆக்கியது என்று பெருமையோடு சொன்னேன். அளவோடு சாப்பிடச் சொன்னார். அளவோடுதான் சாப்பிட்டேன். அளவு போதாமல் வயிறு கூப்பாடு போடும் அளவுக்கு.

அந்தக் குக்கரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நிரோஷா நத்தார்ப் பண்டிகைக்கு வரும்போது மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தது. வெளித்தோற்றம் சாதாரண ரைஸ் குக்கர். உள்ளே இரண்டு தட்டு. மேலே ஓட்டை போட்ட பாத்திரத்தில் அரிசி கொதிக்கும். கொதித்த தண்ணீர் மாச்சத்தோடு கீழ்ப் பாத்திரத்துக்கு இறங்கிவிடும். மீதி வேக்காடு ஆவியில். சோறு உதிரி உதிரியாக, கொஞ்சம் கோபித்துக்கொண்டது போல இருக்கும். கீழே தேங்கியது வெள்ளை வெளேரென்று கொழகொழத்துக் கிடக்கும். ஸ்டெல்லா அதைத் தினமும் அழுக்குத் தண்ணீர் ஓடும் பீலியில் ஊற்றுவாள்.

முதல் தரம் அதைப் பார்த்த என் அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. ரீட்டா அக்கா இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். அத்தான் போன பிறகு தனியாக. முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். வயிற்றால் போன குழந்தை, பால் குடிக்காத குழந்தை, காய்ச்சலில் துவண்ட குழந்தை, எல்லாருக்கும் அவளுடைய ஒரே வைத்தியம் உப்புப் போட்ட வடிகஞ்சி.

"ஏம்மா ஸ்டெல்லா, சோத்தில இருந்த சத்தெல்லாம் இதுலதானே எறங்கியிருக்கு? சக்கைய தம்பிக்குக் குடுத்துட்டு சத்தப் பீலிக்கு ஊத்துறியே!"

"அப்பிடித்தான் செய்யணும்னு நிரோ சொன்னாக்கா."

"நிரோவ வளத்தது யாரு?"

கைக்குழந்தையிலிருந்து அவளை வளர்த்தது அக்காதான். எனக்கும் மெஷினின் தத்துவம் அரைகுறையாகத்தான் தெரியும். கெட்டது சோற்றிலிருந்து போய்விடுகிறது, இனிச் சோற்றுக்குப் பயமில்லை. அவ்வளவுதான். போனது எங்கே போனது என்று யோசிக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் விழுந்ததும் வீடு அக்காவின் கைக்குப் போனது. ஸ்டெல்லா பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். வேலை முடிந்து, நாளைக்கு வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு மாலை நேரம் வருவாள். பகல் நேரம் அக்கா. எங்கள் குசினியில் எங்கள் குக்கரில் ஆக்கி, போஞ்சிக் கறியும் கீரையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவாள். சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு சிவப்புப் பிளாஸ்க்கும் வரும்.

"குடி தம்பி. ரெத்தம் ஊறும். புண்ணு ஆறணும்னா ஒடம்புல தெம்பு வேணாமா?"

வடிகஞ்சிதான். இளஞ்சூடு, உப்பு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாயின் வாசம். அளந்து சாப்பிட்ட வயிற்றில் அது இறங்கும்போது, மழையில் நனைந்தவனுக்கு யாரோ போர்வை போர்த்தியது போலிருக்கும். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. அது மருந்து. அதோடு உப்புக் கரித்தது. உப்புக் கரிப்பது எப்படிச் சீனியாகும்?

"அக்காட கையில என்னமோ ஈக்கி," என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வரும். அக்கா பிளாஸ்க் மூடியில் அவருக்கும் ஊற்றிக் கொடுப்பாள். நாநா கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். இரண்டாவது மூடிக்கு வெட்கப்படுவார். பிறகு அதையும் குடிப்பார்.

இலக்கம் இறங்கவில்லை. பகல் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். மறுபடி கூட்டினார்கள். வெள்ளிக்கிழமை கிட்டே வந்துகொண்டிருந்தது. போர்வையை விலக்கிக் கட்டுக்குள் இருக்கும் விரலைப் பார்ப்பேன். அது என்னைவிட்டு ஏற்கெனவே கொஞ்சம் தூரம் போய்விட்டது போலிருக்கும். ஸ்டெல்லா மாலையில் வந்து, நல்ல காலின் நகங்களை வெட்டிவிடுவாள். ஜெபமாலை அவள் கைப்பைக்குள் சலசலக்கும். கேட்டால், சாவிக்கொத்து என்பாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அலுவிகாரைப் பக்கம் பெருவீதியில் ஒரு மரம் விழுந்து பஸ் நிற்கிறது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். பகல் மணி அடித்தது. எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வந்தது. அக்கா வரவில்லை. ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று. ஆஸ்பத்திரிச் சோற்றை வாங்கி, தட்டு வழித்துச் சாப்பிட்டேன். அது சாதாரணப் பானைச் சோறு. மாச்சத்து எதுவும் வடிக்காதது. இன்றைக்கு இலக்கம் வானத்துக்குப் போகும், நாளைக்கு விரல் போகும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கட்டில் மெல்ல மிதக்கத் தொடங்கியது. முதலில் காதுமடல் வியர்த்தது. பிறகு கழுத்து, முதுகு, மேல்சட்டை ஒட்டிக்கொண்டது. கைகள் என்னுடையதல்லாத ஒரு தாளத்துக்கு ஆடின. ஜன்னலுக்கு வெளியே மழை ஒவ்வொரு துளியாக நின்று நின்று விழுந்தது. எனக்கு அது மிக அழகாக இருந்தது என்பதுதான் இப்போது நினைத்தால் பயம்.

"மிஸ்! மிஸ்! இந்த மனிசன்ட மொகம் வெளுத்துப் பெய்த்து! ஓடி வாங்க!" என்று நாநா ஒற்றைக் காலில் நின்று கத்தியது கிணற்றுக்கு மேலிருந்து வருவதுபோல் கேட்டது.

கைவிரலில் குத்து. தாதியின் முகம் மாறியது. வாயில் ஒரு குவளை சீனிக்கரைசலைச் சாய்த்தார்கள். வருடக்கணக்கில் தள்ளிவைத்த அந்தத் தித்திப்பு நாக்கில் பட்டதும் உலகம் மூலை மூலையாகத் திரும்பி வந்தது. இரத்தத்தில் சீனி மிகக் கீழே போய்விட்டால் இப்படித்தான். ஏறினால் மெதுவாகத் தின்னும். இறங்கினால் அரை மணி நேரத்தில் ஆளையே கொண்டுபோய்விடும்.

இளம் டொக்டர் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வழக்கமான ஊசி. வழக்கத்தைவிட மாச்சத்துக் கூடின சோறு. ஆனால் சீனி கீழே. நேற்றுச் சாப்பிட்டு இன்றைக்குச் சாப்பிடாதது எது என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். போஞ்சி? கீரை?

"கஞ்சி," என்றார் நாநா. "இன்னக்கி அக்காட கஞ்சி வரல்லயே."

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். "என்ன கஞ்சி?"

அந்த நேரம் பார்த்து வார்ட் வாசலில் அக்கா. குடை ஒரு பக்கம் ஒடிந்து, சேலை முழங்கால் வரை சேறு. விழுந்த மரத்தைத் தாண்டி, அலுவிகாரையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். சாப்பாட்டுப் பெட்டியை வழியிலே எங்கோ தவறவிட்டிருக்கிறாள். சிவப்புப் பிளாஸ்க்கை மட்டும் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், மரம் விழுந்த செய்தி கேட்டுப் பாலர் பாடசாலையிலிருந்து நேரே ஓடிவந்த ஸ்டெல்லா.

டொக்டர் பிளாஸ்க்கை வாங்கித் திறந்து குவளையில் ஊற்றினார். வெள்ளையாக, கனமாக, ஆவியோடு விழுந்தது. எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். அக்காவுக்குச் சிங்களம் சரளம். குக்கரின் கீழ்ப் பாத்திரம் முழுவதையும் ஒரு சொட்டும் வீணாக்காமல் கொண்டுவருகிறேன் என்று நிமிர்ந்து நின்று சொன்னாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எப்போதும் நினைப்பேன். மெதுவாகச் சொன்னார். சோற்றில் உள்ள மாச்சத்துதான் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகிறது. இனிப்பாக இருக்க வேண்டியதில்லை. குக்கர் அதில் கொஞ்சத்தைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டது. எடுத்த அத்தனையும் இந்தப் பிளாஸ்க்கில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்த வயிற்றுக்கு மேலே இதை ஊற்றினால் சீனி பாயும். பாய்ந்த சீனிக்கு ஏற்ப நாங்கள் ஊசியைக் கூட்டினோம். இன்றைக்குக் கஞ்சி வரவில்லை, கூட்டின ஊசி சும்மா இருக்குமா?

மூத்த தாதி இரண்டு கட்டில்களையும் பார்த்தார். நாநா போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டார்.

"நான் ரெண்டு மூடிதான் மிஸ்…"

அக்கா என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட விரலுக்கு மேல் கை வைத்தாள், தொடாமல், காற்றில்.

"எத்தன புள்ளைங்கள இதக் குடுத்து எழுப்பி உட்டேன்… ஏன் தம்பி, ஒன் வெரல நானா திண்டேன்?"

ஸ்டெல்லாதான் முன்னால் வந்தாள். இரண்டு பேருக்கும் இடையில் அந்தக் கீழ்ப் பாத்திரம் கிடந்ததை நான் அறிவேன். நான்தான் அன்றே பீலியில் ஊற்றினேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தன் சேலைத் தலைப்பை எடுத்து அக்காவின் ஈரத் தலையைத் துவட்டத் தொடங்கினாள், குழந்தைக்குத் துவட்டுவது போல அழுத்தி.

"அழாதீங்கக்கா. கத்தி இன்னும் வரல்ல. ஏன் ஏறிச்சின்னு இப்பயாச்சும் தெரிஞ்சிரிச்சே. நீங்க மட்டும் இன்னக்கி பஸ்ஸில வந்திருந்தீங்கன்னா நாளைக்கு வெட்டியே இருப்பாங்க. மரம் விழுந்ததுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தணும்."

"ரெண்டு," என்றார் நாநா போர்வைக்குள்ளிருந்து. "எனக்கும் சேத்துக் கொளுத்துங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க."

அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். தாதியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வார்டின் அடுத்த கோடி வரை போனது, எதற்கு என்று தெரியாதவர்களுக்கும்.

வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். இளம் டொக்டர் அவரிடம் கஞ்சிக் கதையைச் சொன்னபோது அவர் உதடு ஒரு பக்கம் லேசாக இழுபட்டது. கட்டை அவிழ்த்து நெடுநேரம் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். அந்த ஒரு வரிக்கு நான் எழுதிய எல்லா வரிகளையும் கொடுக்கலாம்.

சீனி இறங்கியது. ஊசியின் அளவும் கூடவே இறங்கியது. நாநாவின் இலக்கமும் என்னோடு சேர்ந்து படி இறங்கியது. ஒருநாள் மருந்து கட்டும்போது தாதி காயத்துக்குள் சுட்டிக்காட்டினார். அடியில் சின்னச் சின்ன மணிகளாகச் சிவப்பு. "செவப்பு நல்லது ஐயா. புதுச் சத." நுனியில் ஒரு துண்டும் பாதி நகமும் மட்டும் போயின. அதற்குமேல் கத்தி வரவில்லை. நாநா எனக்கு முன்னரே வீட்டுக்குப் போனார். போகும்போது, கடைக்கு வந்தால் சீனி தவிர எது வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார்.

குக்கர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு டொக்டர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். வாங்கலாம், தப்பில்லை. கொஞ்சம் வடிக்கும். ஆனால் வடித்த பிறகும் சோறு சோறுதான். தட்டில் எவ்வளவு போடுகிறோம் என்பதை எந்த மெஷினும் பார்த்துக்கொண்டிருக்காது. வடித்ததை மறுபடி வேறு வழியாக உள்ளே விடாதீர்கள். எங்கள் வீட்டில் பெருவிரலை விலையாகக் கேட்ட பாடம் அது.

வீட்டுக்கு வந்த பின் அக்கா குசினிக்குள் வரவே மறுத்தாள். குக்கரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா வேண்டுமென்றே வெளியே போய்விட்டாள். அரிசியைப் போட்டுவிட்டு, "அக்கா, பொத்தான் டக்குன்னதும் எறக்கிடுங்க" என்று வாசலில் இருந்து கத்திவிட்டு. பொத்தான் டக்கென்றது. கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கீழ்ப் பாத்திரத்தைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பீலிக்கு ஓர் அடி வைத்தாள். நின்றாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பீலியைப் பார்த்தாள். ஊற்ற அவளால் முடியவில்லை. எனக்குக் கொடுக்கவும் முடியாது.

பிறகு விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். அங்கே வாளியில் நான் இடுப்பில் கட்டும் சாரங்கள் அலசிக் கிடந்தன. தண்ணீர் கலந்து, கஞ்சியில் முக்கி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் இழுத்து விரித்துக் காயப் போட்டாள். நாலு சாரமும் பலகை போல விறைத்து நின்றன.

இப்போது மறுபடி நடக்கிறேன். டொக்டர் சொன்ன அகலச் சப்பாத்து. வாசலில் அக்கா அதைக் கவிழ்த்துத் தரையில் தட்டி, உள்ளே விரல்விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் தருவாள். இடது பாதம் இன்னும் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. கல்லா, புல்லா, ஈரமா, அதற்குத் தெரியாது. ஆனால் கஞ்சி போட்ட சாரம் ஒவ்வோர் அடிக்கும் சரக்கென்கிறது. இடது, சரக். வலது, சரக். மேட்டில் ஏறும்போது காலை நான் காதால் கேட்கிறேன். நேற்று உக்குவளைப் படிகளில் அந்தச் சத்தத்தின் பின்னால் ஒரு வாக்கியம் வந்தது. குறுகியதுதான். ஏற்றம் அல்லவா.